தரைக்குக் கீழே ஒரு வானிலை

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் வழக்கம் இல்லாத வீடாக இருந்திருந்தால், விஷயம் வெளியே வர இன்னும் ஓராண்டு ஆகியிருக்கும். கூடத்து மரத்தரையில் நடந்தபோது உள்ளங்காலில் மெல்லிய வரிகள் தட்டுப்பட்டன. ஓர் இரும்பு அளவுகோலை வாங்கி, பலகைக்குக் குறுக்காக நிறுத்திப் பார்த்தேன். இரண்டு ஓரங்களில் மட்டும் முட்டிக்கொண்டு நின்றது. நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. கூடம் முழுக்க எல்லாப் பலகைகளும் ஆழம் குறைந்த தாம்பாளம் போலக் குழிந்திருந்தன.

வெலிங்டன் நகருக்கு வடக்கே களிமண் மேட்டின் சரிவில் நிற்கும் என் நண்பரின் வீடு அது. நண்பர் யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்து போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. தான் குடியிருக்கப்போகும் வீட்டைத் தானே கட்டிக்கொள்ள அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. நகரசபையின் அனுமதியும் ஆய்வும் மட்டும் தப்பாது. நண்பர் மூன்று வருடம் சனி ஞாயிறு பாராமல் உழைத்துக் கட்டினார். கூடத்துக்கென்று, இடித்த பழைய வீடொன்றிலிருந்து ரிமு என்ற அந்த நாட்டு மரத்தின் பலகைகளை வாங்கி, ஒவ்வொன்றாக ஆணி பிடுங்கி, இழைத்துப் பதித்தார். அந்தப் பலகைகள்தான் இப்போது குழிந்துவிட்டன.

"கீழ காத்துப் போக ஓட்டையெல்லாம் வைச்சனான் தானே அண்ணை. பிறகெப்பிடி?" என்றார்.

அந்த ஓட்டைகளின் கதைதான் இந்த அத்தியாயம்.

நம் ஊரில் வீடு கட்டினால் பேஸ்மட்டம் வரை சுவர் எழுப்புவோம். உள்ளே கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கி, மேலே கான்கிரீட் பரப்பி டைல்ஸ் ஒட்டுவோம். தரைக்குக் கீழே வெற்றிடம் என்ற பேச்சே கிடையாது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் பல வீடுகளுக்கு வேறு முறை. சுற்றிலும் ஒரு தாழ்வான அடித்தளச் சுவர், உள்ளே வரிசையாகக் குட்டைத் தூண்கள், அவற்றின் மேல் விட்டங்கள், விட்டங்களுக்குக் குறுக்கே சட்டங்கள், சட்டங்களின் மேல் பலகை. தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் ஊர்ந்து போகும் அளவுக்கு இடைவெளி இருக்கும். நியூசிலாந்தின் மரவீட்டுத் தர விதியான என்இசட்எஸ் 3604, மண்ணிலிருந்து சட்டத்தின் அடிப்பக்கம் வரை குறைந்தது 450 மில்லிமீட்டர் விடச் சொல்கிறது. இந்த இடைவெளியை நாம் அடிவெளி என்று வைத்துக்கொள்வோம்.

அடிவெளியின் வேலை மரத்தை மண்ணிலிருந்து பிரித்து வைப்பது. நெல் குடோனில் மூட்டையைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குகிறார்களே, அதே காரியம்தான். ஆனால் குடோனில் கதவைத் திறந்தால் காற்று வந்துவிடும். வீட்டுக்கு அடியிலோ நான்கு பக்கமும் சுவர். ஆகவே சுவரில் கிரில் வைத்த துளைகள் விடுகிறார்கள். துளை இருந்தால் காற்று வரும், காற்று வந்தால் ஈரம் காயும். நண்பரின் நம்பிக்கை அதுதான், விதிப்புத்தகம் எழுதியவர்களின் நம்பிக்கையும் கிட்டத்தட்ட அதுதான். இதில் "காற்று வந்தால் ஈரம் காயும்" என்ற பாதியை நான் பிறகு கொஞ்சம் பிராண்டப் போகிறேன். முதலில் "துளை இருந்தால் காற்று வரும்" என்ற பாதி.

மறுநாள் காலை அடியில் இறங்கினோம். இறங்குமுன் நண்பர் மெயின் சுவிட்சை அணைத்தார். அந்த நாட்டில் அது வெறும் முன்ஜாக்கிரதை இல்லை. பழைய வீடுகளின் தரைக்கடியில் அலுமினியத் தாளைச் சட்டங்களில் ஸ்டேப்பிள் அடித்து வெப்பக்காப்புக்குப் பொருத்துவது வழக்கமாக இருந்தது. ஸ்டேப்பிள் போய் மின்கம்பியில் குத்தினால் தாள் முழுவதும் மின்சாரம். உயிர்கள் போனபின், 2016 ஜூலை முதல் வீடுகளில் அந்தத் தாளைப் புதிதாகப் பொருத்தவோ பழுது பார்க்கவோ தடை போட்டார்கள். நண்பர் வீட்டில் தாள் இல்லை, பாலிஸ்டைரீன் அட்டைதான். இருந்தாலும் அணைத்தார்.

டார்ச்சோடு முழங்கையால் ஊர்ந்து போனால் முதலில் வருவது மணம். கோடை மழையின் மண்வாசனை என்று நினைத்துவிட வேண்டாம். பல நாள் மூடிக்கிடந்த பழைய பெட்டியைத் திறந்தது போன்ற வாடை. மண்ணைத் தொட்டுப் பார்த்தால் மேலாகக் காய்ந்து, சிறு வெடிப்புகூட விட்டிருந்தது. ஆனால் தலைக்கு மேல் பாலிஸ்டைரீன் அட்டையின் அடியில் டார்ச் வெளிச்சம் படும் இடமெல்லாம் நுண்ணிய நீர்த்துளிகள் மின்னின. கிரில் ஒன்றின் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உட்பக்கம் கொசுவலை ஒட்டியிருந்தது, அதன் மேல் சிலந்தி நூலும் தூசியும் கம்பளம் போலப் படிந்திருந்தன. வீட்டு சாமி அலமாரியிலிருந்து எடுத்துப்போன ஊதுபத்தியைப் பற்றவைத்து கிரிலுக்கு முன்னால் பிடித்தேன். புகை நூல் பிடித்தாற்போல நேராக மேலே போய்ச் சட்டத்தில் முட்டிப் பரவியது. இத்தனைக்கும் வெலிங்டன் காற்றுக்குப் பேர்போன ஊர். வெளியே கொடிக்கயிற்றில் துணி படபடத்துக்கொண்டிருந்தது.

புகை ஏன் அசையவில்லை என்பதற்குக் காகிதத்தில் கணக்குப் போட்டாலே விடை கிடைத்துவிடும். என்இசட்எஸ் 3604 கேட்பது, தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 35 சதுர சென்டிமீட்டர் திறப்பு. இரண்டு தீப்பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரும் பரப்பு. வீடு 100 சதுர மீட்டர், ஆகவே 3,500 சதுர சென்டிமீட்டர் வேண்டும். நண்பர் வாங்கியது 25-க்கு 15 சென்டிமீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் கிரில் பதினாறு. பெருக்கினால் 6,000. தேவைக்கு அதிகம் என்று திருப்தியாக இருந்துவிட்டார்.

ஆனால் அது கிரிலின் வெளிச்சட்ட அளவு. காற்று போவது அதிலுள்ள சாய்வுப் பட்டைகளுக்கு நடுவே மட்டும். அளந்து பார்த்தால் ஒரு கிரிலில் உண்மையான திறப்பு 150 சதுர சென்டிமீட்டர்தான். ஆக 2,400. அதன் மேல் நம் ஊர்ப் பழக்கத்தில் கொசுவலை. வலை நூலே மூன்றில் ஒரு பங்கை அடைத்துவிட, மிச்சம் 1,600. (அடைந்த தூசியை நான் கணக்கில் சேர்க்கவில்லை.) அடுத்தது தெற்குச் சுவர். தெற்கிலிருந்து வரும் காற்று அண்டார்டிகாவின் குளிரைச் சுமந்து வருவது, தரை சில்லிடுகிறது என்று வீட்டில் முணுமுணுப்பு எழுந்ததும் ஆறு கிரில்களைப் பலகை வைத்து அடைத்துவிட்டார். 1,000. கடைசியாக வடக்கு. பூமியின் அந்தப் பாதியில் வெயில் வடக்கிலிருந்து வரும் என்பதால் அங்கே டெக் கட்டி, அழகுக்காக அதன் அடியை முன்பக்கம் பலகையால் மூடி, ஓரத்தில் பூப்பாத்திக்கு மண் கொட்டியிருந்தார். நான்கு கிரில்கள் அதற்குள் போய்விட்டன. மீதி 600. தேவையில் ஆறில் ஒரு பங்கு.

நகரசபை ஆய்வாளர் வந்த நாளில் டெக்கும் இல்லை, அடைப்பும் இல்லை. வரைபடம் சரி, சான்றிதழும் சரி. வீடு அதற்குப் பிறகு வளர்ந்த விதம்தான் சரியில்லை. நான் பார்த்த வரையில் அடிவெளிக் கோளாறுகளில் பாதி இப்படி, கட்டி முடித்த பிறகு வீட்டுக்காரர் கையாலேயே வருவது.

மீதியிருந்த 600-உம் உருப்படியாக வேலை செய்யவில்லை. காரணம் நம் சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் குளுக் குளுக்கென்று திணறும். எதிர்மூலையில் இன்னொரு துளை போட்டால் சீராக ஒழுகும். உள்ளே போவதற்கு ஒரு வழி, வெளியே வர ஒரு வழி. வீட்டின் மேல் காற்று மோதும்போது மோதும் பக்கத்தில் அழுத்தம் கூடும், மறுபக்கத்தில் குறையும். இந்த வித்தியாசம்தான் அடிவெளிக்குள் காற்றைத் தள்ளும் முக்கிய மோட்டார். அதன் வலு எவ்வளவு? நொடிக்கு 5 மீட்டர் வேகக் காற்றில் சுமார் 15 பாஸ்கல். மேசையில் கிடக்கும் ஒற்றை ஏ4 தாள் மேசையை அழுத்துவது ஏறக்குறைய 0.8 பாஸ்கல். ஆக, நல்ல காற்றடிக்கும் நாளில்கூட நம் மோட்டாரின் பலம் இருபது தாள்களின் எடைக்குச் சமம். இவ்வளவு மெலிந்த சக்தி கொசுவலையையும் தாண்டி, தூசியையும் தாண்டி, நண்பர் வீட்டு அடியில் நீளவாக்கில் ஓடும் கான்கிரீட் பிளாக் சுவரையும் தாண்டி மறுபக்கம் போக வேண்டும். அந்தச் சுவரில் ஆள் நுழைய ஒரே ஒரு வழிதான். விதி கிரில்களை மூலையிலிருந்து 750 மில்லிமீட்டருக்குள் தொடங்கி, 1.8 மீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல் சுற்றிலும் வைக்கச் சொல்வது இதனால்தான். மூலைகளில்தான் காற்று தேங்கும். ஊதுபத்திப் புகை கிரிலுக்கு முன்னாலேயே அசையாமல் நின்றதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இனி மரத்தின் பக்கம் வருவோம்.

டப்பாவை மூடாமல் வைத்த முறுக்கு நமுத்துப்போகிறது. யாரும் அதில் தண்ணீர் ஊற்றவில்லை, காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. மரமும் அப்படித்தான். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்றபடி தனக்குள் எவ்வளவு நீர் வைத்துக்கொள்வது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் மரத்தில் 12 சதவீதம் நீர் நிற்கும். 80 என்றால் 16. 90 என்றால் சுமார் 20. இந்தச் சதவீதம் காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுச் சொல்வது. அதனால் அப்போதுதான் வெட்டிய மரத்தில் இது 100-ஐக்கூடத் தாண்டும், திகைக்க வேண்டாம்.

நீர் ஏறினால் மரம் பருக்கும். நீளவாக்கில் அல்ல, அகலவாக்கில். பலகையின் மேல்பக்கத்தில் வார்னிஷும் வீட்டின் சூடும், அடிப்பக்கத்தில் ஈரக்காற்று. அடிப்பக்கம் அகலமாகிறது, மேல்பக்கம் இருந்தபடியே இருக்கிறது. வேறு வழியின்றிப் பலகை ஓரங்களைத் தூக்கிக்கொண்டு குழிகிறது. கூடத்தில் அளவுகோல் காட்டியது இதைத்தான். குழிந்த பலகையைப் பார்த்ததும் ஈரம் மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என்று சொல்லிவிடலாம். துடைப்பத்தையும் ஊற்றிய தண்ணீரையும் குற்றம் சொல்ல இடமில்லை.

நண்பரிடம் ஈரமானி இருந்தது. இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தி, நடுவே மின்தடையை அளக்கும் சிறு கருவி. நீர் கூடினால் தடை குறையும். பூச்சி, பூஞ்சணம் அண்டாதிருக்க உப்பு மருந்து ஏற்றிய மரத்தில் இது கூடுதலாகக் காட்டும், ஆகவே மருந்தில்லாத ரிமு பலகையின் அடிப்பக்கமாகப் பார்த்துக் குத்தினோம். 24.

20-க்குக் கீழே இருந்தால் மரத்தை விட்டுவிடலாம் என்பது கட்டுமானக்காரர்களின் எல்லைக்கோடு. 28, 30-ஐ ஒட்டி மரத்தின் இழைச்சுவர்கள் நீரால் நிரம்பிவிடும், அதற்கு மேல் வருவது செல்களுக்குள் திரவமாகவே நிற்கும். அழுகல் பூஞ்சணங்களுக்கு அதுதான் விருந்து. 24 என்பது இரண்டுக்கும் நடுவில் நின்று யோசிக்கும் இடம்.

அந்தப் பூஞ்சணங்களில் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செர்புலா லாக்ரிமன்ஸ். லத்தீனில் லாக்ரிமன்ஸ் என்றால் கண்ணீர் விடுவது. மரத்தைத் தின்று செரிக்கும்போது உண்டாகும் நீரைத் துளித்துளியாக வெளியே விடுவதால் வந்த பெயர். ஆங்கிலேயர் இதற்கு வைத்த பெயரின் பொருள் "உலர் அழுகல்", ஏனென்றால் தின்று முடித்த மரம் காய்ந்த பிஸ்கட் போலச் சதுரம் சதுரமாக வெடித்து நிற்கும். ஆனால் ஈரம் இல்லாமல் இது தொடங்குவதே இல்லை. தொடங்கியபின் நூல் போன்ற இழைகளால் செங்கல் சுவரைக் கடந்து அடுத்த அறையின் மரத்துக்குப் போகும் சாமர்த்தியம் உண்டு. பிரிட்டனில் 1810-இல் கடலில் இறக்கிய குயீன் சார்லட் என்ற போர்க்கப்பல், போருக்குப் போகுமுன்பே பூஞ்சணத்தால் அழுகத் தொடங்கியது. கடற்படை, ஜேம்ஸ் சவர்பி என்ற தாவர ஓவியரை அழைத்துவந்து காட்ட வேண்டியதாயிற்று. ஐரோப்பா முழுக்க வீடுகளில் இருக்கும் இந்தப் பூஞ்சணம், காட்டில் அபூர்வமாகத்தான் கிடைக்கும். அப்படிக் கிடைக்கும் இடங்களில் ஒன்று இமயமலையின் ஊசியிலைக் காடு. அது ஆசியாவில் தோன்றி உலகெங்கும் பரவியது என்று 2007-இல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது. வெப்பம் 20 டிகிரியை ஒட்டியிருந்தால் செழிக்கும், சென்னை வெயிலில் பிழைக்காது. நண்பர் வீட்டில் அது இன்னும் வரவில்லை. வந்திருந்தால் இந்த அத்தியாயம் சோகமாக முடிந்திருக்கும்.

சரி, மண் மேலாகக் காய்ந்திருந்ததே, ஈரம் எங்கிருந்து வந்தது? ஒரு சதுர மீட்டர் பாலித்தீனை மண்ணில் விரித்து, ஓரங்களில் கல் வைத்துவிட்டு வந்தோம். காலையில் புரட்டினால் அடிப்பக்கம் குளித்திருந்தது. களிமண்ணின் நுண்துளைகள் விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போல ஆழத்திலிருந்து நீரை மேலே ஏற்றுகின்றன. மேற்பரப்புக்கு வந்ததும் அது ஆவியாகிவிடுகிறது. அதனால்தான் மேல்மண் காய்ந்தது போலத் தெரிகிறது. நியூசிலாந்தின் கட்டட ஆய்வு நிறுவனமான ப்ரான்ஸ் சொல்லும் அளவு இது: 100 சதுர மீட்டர் வீட்டின் அடியில், மூடாத மண்ணிலிருந்து நாளொன்றுக்கு 40 லிட்டர் நீர் ஆவியாகலாம். நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டை ஒவ்வொரு நாளும் தரைக்கடியில் ஊற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 40 லிட்டரைக் காற்றால் மட்டும் வெளியேற்ற முடியுமா என்று அன்று இரவு நண்பரின் மகளுடைய பள்ளிக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 12 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 10.7 கிராம் நீராவி தாங்கும். வெளியே ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் உள்ளே நுழையும்போதே அதில் 8.5 கிராம் இருக்கிறது. வெளியேறும்போது 95 சதவீதம் வரை நனைந்துவிட்டது என்று தாராளமாக வைத்தாலும் 10.1 கிராம். ஆக ஒரு கன மீட்டர் காற்று சுமந்துபோவது 1.6 கிராம். 40 லிட்டருக்கு 25,000 கன மீட்டர் காற்று வேண்டும். அடிவெளியின் கொள்ளளவோ 60 கன மீட்டர். மூன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாற வேண்டும், இரவும் பகலும். இருபது தாள் எடையுள்ள மோட்டாரை வைத்துக்கொண்டு.

நடப்பில், காற்று நனைய நனைய மண்ணும் ஆவி விடுவதைக் குறைத்துக்கொள்ளும். எங்கோ ஒரு சமநிலை வரும். நண்பர் வீட்டில் அந்தச் சமநிலை மரத்துக்கு 24 சதவீதமாக வந்து நின்றது. எப்படியும் விஷயம் இதுதான்: காற்று ஒரு துடைக்கும் துணி. பாதி நனைந்த துணியை வைத்துக்கொண்டு குழாயையும் திறந்துவிட்டால் தரை காயாது. முதலில் குழாயை மூட வேண்டும்.

பிரிட்டனின் விதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அங்கே சதுர மீட்டருக்கு 5 சதுர சென்டிமீட்டர் திறப்பு, அல்லது வெளிச்சுவரின் ஒவ்வொரு மீட்டருக்கும் 15, இரண்டில் எது அதிகமோ அது. நியூசிலாந்தின் 35-க்குப் பக்கத்தில் அந்த 5 அற்பமாகத் தெரியும். ஆனால் பிரிட்டனில் அடிவெளியின் மண்ணைக் கான்கிரீட்டால், அல்லது பாலித்தீன் விரித்து அதன்மேல் கான்கிரீட்டால் மூடியாக வேண்டும். குழாயை மூடியவனுக்குச் சின்னத் துணி போதும்.

இனி நான் பிராண்டுவதாகச் சொன்ன பாதி. காற்று வந்தால் ஈரம் காயும் என்பது எல்லா ஊருக்கும் உண்மையா? அமெரிக்காவின் தென்கிழக்கில் கோடையில் 32 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் சாதாரணம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும், 23 டிகிரிக்குக் குளிர்ந்தாலே அது நீராக இறங்கிவிடும். மேலே வீட்டில் ஏசி ஓடுகிறது, தரையின் அடிப்பக்கம் குளிர்ந்திருக்கிறது. ஐஸ் தண்ணீர் சொம்பு வெளிப்பக்கம் வியர்க்குமே, அப்படித் தரை வியர்க்கும். காய வைக்கத் திறந்த துளையே நனைக்கிறது! வடக்கு கரோலினாவில் பிரின்ஸ்வில் என்ற சிற்றூர் 1999-இல் ஃபிளாய்ட் சூறாவளி வெள்ளத்தில் மூழ்கியது. அதன்பின் அங்கே எழுந்த ஒரே மாதிரியான பன்னிரண்டு வீடுகளில் ஒரு சோதனை நடந்தது. சிலவற்றின் அடிவெளியை வழக்கம்போல் துளையோடு விட்டார்கள், சிலவற்றை மண்ணைப் பாலித்தீனால் மூடித் துளைகளையும் அடைத்தார்கள். அடைத்த வீடுகள்தான் காய்ந்திருந்தன, வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆகும் மின்செலவும் 15 சதவீத அளவில் குறைந்தது. இலினாய் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரோஸ், அமெரிக்காவின் துளை விதிகள் எங்கிருந்து வந்தன என்று தோண்டிப் பார்த்தார். 1940-களின் அரசு விதிகளுக்குப் பின்னால் சோதனை ஆதாரம் மிக மெலிது என்று தெரிந்தது. ஒரு எண்ணை எழுதிவிட்டால் அது எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் பாருங்கள்.

வெலிங்டன் கரோலினா அல்ல. அங்கே கோடையிலும் காற்று அவ்வளவு நீரைச் சுமப்பதில்லை, ஆகவே துளைகள் பயன்படும். சென்னையிலோ கொழும்பிலோ மரத்தரை போட்டு ஏசி ஓட்ட நினைப்பவர்கள் மட்டும் நியூசிலாந்து விதியை அப்படியே பெயர்த்துவந்துவிட வேண்டாம்.

நண்பரின் மனைவிக்கு இன்னொரு கேள்வி இருந்தது. படுக்கையறை அலமாரியில் பட்டுச்சேலையில் பூஞ்சை பிடிக்கிறதே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? உண்டு. குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலேறிக் கூரை இடுக்குகளில் கசியும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று ஏறும். வெளியே 8 டிகிரி, உள்ளே 20 என்றால் இந்த இழுப்பு ஒரு பாஸ்கல் சொச்சம்தான். ஆனால் காற்றடிக்காத இரவிலும் ஓயாமல் இழுக்கும். பலகை இடுக்குகள் வழியே அடிவெளியின் வானிலை வீட்டுக்குள் வந்து, குளிர்ந்த சுவரை ஒட்டிய அலமாரியில் தங்கிவிடும்.

பழுது பார்த்த வரிசைதான் முக்கியம். நண்பர் எடுத்த எடுப்பில் சுவரில் புதுத் துளை போடக் கிளம்பினார். தடுத்துவிட்டு, மழை வரும்வரை காத்திருந்து, கொட்டும்போதே அடியில் இறங்கிப் பார்த்தோம். தென்மேற்கு மூலையில் கூரை நீர் இறங்கும் குழாயின் முழங்கை கழன்று, நீர் அடித்தளச் சுவரோரமாகவே இறங்கிக்கொண்டிருந்தது. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். கால்வாசி அந்த மூலைக்கு வந்தாலும் 250 லிட்டர். இதை விட்டுவிட்டு கிரில் வாங்கப் போவது வீண். முழங்கையை மாட்டி, நீரைச் சரிவுக்குக் கீழே கொண்டுபோய் விட்டார். பூப்பாத்தி மண்ணை வெட்டி எடுத்தார். துணி உலர்த்தும் இயந்திரத்தின் புகைக்குழாயும் அடிவெளிக்குள்ளேதான் போய் முடிந்திருந்தது. தடவைக்குச் சில லிட்டர் ஆவி! அதைச் சுவருக்கு வெளியே நீட்டினார்.

அடுத்தது பாலித்தீன். கால் மில்லிமீட்டர் கனம், விரிப்புகள் ஒன்றின்மேல் ஒன்று 150 மில்லிமீட்டர் ஏறும்படி போட்டு டேப் ஒட்டினார்கள். தூண்களைச் சுற்றி வெட்டி நெருக்கமாக ஒட்டி, மேலே அங்கங்கே செங்கல் வைத்தார்கள். குனிந்து, படுத்து, முழங்காலில் இரண்டு நாள் வேலை. இதில் மின்னும் நவீனம் எதுவும் இல்லை. ஆனால் மொத்தப் பழுதில் முக்கால் பங்கு பலன் இதிலிருந்துதான். அந்த நாட்டில் 2019-இல் வந்த வாடகை வீட்டுச் சட்டமும், மூடிய அடிவெளி உள்ள வீடுகளில் இந்த விரிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

துளைகள் கடைசியில். கொசுவலையைக் கிழித்துவிட்டு, அதைவிடக் கண் பெரிய, ஆனால் எலி நுழையாத கம்பி வலை. தெற்குப் பக்க அடைப்பை எடுத்தார். குளிருக்கு மருந்து சட்டங்களுக்கு நடுவே வெப்பக்காப்பை இடைவெளியின்றி இறுக்கி வைப்பதுதான், துளையை அடைப்பதல்ல. டெக்கின் முன்பலகைகளைப் பிடுங்கி, இடைவெளி விட்டு மறுபடி அடித்தார். நடுச்சுவரில் துளை போடும் இடம் வந்தபோது பொறியாளரைக் கூப்பிட்டோம். வெலிங்டன் நிலநடுக்க நகரம். அந்தச் சுவர் வீடு பக்கவாட்டில் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் சுவராக இருக்கலாம். அவர் குறித்துக் கொடுத்த ஐந்து இடங்களில் மட்டும் பிளாக்குகளை எடுத்தார்கள்.

கூடத்துத் தரையை உடனே இழைத்துச் சமமாக்க ஆள் வரச் சொல்லியிருந்தார் நண்பர். வேண்டாம் என்று கெஞ்சி நிறுத்தினேன். ஈரத்தில் குழிந்திருக்கும் பலகையின் ஓரங்களை இழைத்துவிட்டால், காய்ந்து நேராகும்போது ஓரம் தாழ்ந்து நடு மேடாகிவிடும். பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

நான் போனது மே மாதம். செப்டம்பரில் நண்பர் வாட்ஸ்அப்பில் ஈரமானியின் படம் அனுப்பினார்: 19. ஜனவரியில் 15. அளவுகோலுக்கு அடியில் விசிட்டிங் கார்டு இப்போது நுழைவதில்லையாம். சமையலறை வாசலில் இரண்டு பலகைகள் மட்டும் நேராகவில்லை, அவற்றை மாற்றப்போகிறார். ஊதுபத்திப் புகை கிரிலைப் பார்த்துச் சாய்ந்து ஓடும் ஒரு காணொளியையும் அனுப்பியிருந்தார். அதைப் பட்டுச்சேலைக்காரர் எடுத்தாராம்.

இப்படியொரு மரத்தரை வீட்டில் இருப்பவர் நீங்கள் என்றால், பலத்த மழை பெய்யும்போதே ஒரு தடவை அடியில் இறங்கிப் பாருங்கள். ஒரு டார்ச்சும் ஊதுபத்தியும் போதும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்குங்கள்.